சுவர் ஓட்டையில் உன் சேலை

என் அம்முவுக்கு,

நீயும் பாப்பாவும் சுகம்தானே? அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

ஃபிரிட்ஜில் நட்சத்திரம் ஒட்டியிருக்குமே, அதுபோல நான் வேலைக்கு வந்த இந்தக் குளிர் நாட்டில் வீட்டுக்கும் ரேட்டிங் உண்டு. ஏ என்றால் நல்ல வீடு. ஜி என்றால் எவ்வளவு கேஸ் எரித்தாலும் சூடு தங்காத வீடு. நேற்று அதை அளக்க நம் தமிழ்க்காரர் ஒருவர் வந்தார். மார்க் கூடும் என்று அவரிடம் என் சாமர்த்தியத்தைக் காட்டினேன். கேஸ் ஹீட்டருக்கு மேலே சுவரில் ஒரு ஓட்டை, குளிர்காற்று வந்துகொண்டே இருக்கும். நீ கொடுத்த பழைய சேலையை அதில் திணித்து வைத்திருந்தேன்.

அவர் முகம் மாறிவிட்டது. சேலையை உருவிப்போட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டு, "காலைல தலை வலிக்குதா?" என்று கேட்டார்.

"வேலை அலுப்பு சார்."

"அலுப்பு இல்லப்பா. கேஸ் புகை வெளிய போறதுக்குத்தான் அந்த ஓட்டை. வாசனையே தெரியாது, தூக்கத்துலயே ஆளை முடிச்சிடும்."

அறையில் கூட இருக்கும் பெயிண்டர் அண்ணன் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கு ஜிதான் கிடைத்தது, பத்தாவதில் நான் வாங்கிய மார்க் மாதிரி.

இப்போது ஓட்டை திறந்தே இருக்கிறது, பயப்படாதே. குளிர் தாங்காமல் அண்ணன் எழுந்து மறுபடி அடைத்துவிடுவாரோ என்று மட்டும் ராத்திரி அடிக்கடி விழிப்பு வந்தது.

முடிந்தால் கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி அனுப்பு. அப்புறம், தினமும் காலையில் ஒரு போன் பண்ணு. எடுக்கவில்லை என்றால் வேலைக்குப் போயிருப்பான் என்று விட்டுவிடாதே. மேஸ்திரி நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

வேன் ஹார்ன் அடிக்கிறது, ஓடுகிறேன். கடிதம் கிடைத்த மறுநாளே பண்ணு.

உன் வீட்டுக்காரன்