கைராசிக்காரியின் புங்கமரம்

ஜூலை 14, திங்கள்

ஆடி பிறக்கவில்லை, அதற்குள் காற்று. முதலிபாளையம் முழுக்கப் புழுதி. காலை எட்டரைக்குப் புங்கமரத்தின் பெரிய கொப்பு முறிந்து பிகாஷின் ஸ்கூட்டர் மேல் விழுந்தது. யாருக்கும் அடி இல்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். பிகாஷ் எங்கள் துணி பிரிண்டிங் யூனிட்டில் மேஜையில் துணி விரித்து அச்சடிக்கும் டேபிள் பிரிண்டர், ஒடிசாக்காரர். ஹேண்டில் வளைந்து கிடக்கிறது, மனிதர் ஸ்கூட்டரை விட்டுவிட்டு மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

முதலாளி வந்தார். ஞாயிறு யூனிட் லீவு, அன்றைக்கு மரத்தை அடியோடு எடுத்துவிடச் சொல்லிவிட்டார்.

ஏழு வருடம் முன்பு நான் நட்ட மரம். ஒரே நாளில் இரண்டு கன்று. ஒன்று கேட் பக்கம். இன்னொன்று நான் சாயம் கலக்கும் அறை வாசலில். கேட் மரம் என் தலைக்கு மேல் ஒரு முழம், அவ்வளவுதான். இது ஷெட் கூரையையே தாண்டிவிட்டது. மதியம் எல்லோரும் இதன் அடியில்தான் சாப்பாடு. இதை வைத்துத்தான் எனக்குக் கைராசிக்காரி என்று பெயர். நான் குடியிருக்கும் மண்ணரையில், எங்கள் லைன் வீடுகளில் யார் செடி வைத்தாலும் என் கையால்தான்.

காஸ் புக் பண்ண வேண்டும். மூட்டு வலித் தைலம். மெரூன் ஷேடு இன்னும் சேரவில்லை, மூன்றாவது தடவை.

ஜூலை 15, செவ்வாய்

மேகம். மழை இல்லை.

மரம் வெட்டும் பழனிச்சாமி அண்ணன் அளவு பார்க்க வந்தார். தாராபுரம் பக்கம் தோட்டம் வைத்திருந்தவராம். முறிந்த கொப்பைத் தூக்கிப் பார்த்தார். கணுவுக்குக் கணு இத்தனை தூரமா, உரம் தின்று அவசரமாக வளர்ந்த கொப்பு, கட்டையில் பலமில்லை என்றார். பூ எடுக்குமா என்று கேட்டார். கேட் மரம் வருடம் தவறாமல் பூக்கும், இது ஒரு தடவைகூட இல்லை என்றேன். நன்றாகத் தழைக்கிற மரம், அதனால் பூக்கவில்லை என்று நானே ஒரு விளக்கம் வைத்திருந்தேன்.

கடப்பாரையால் அடியில் கொஞ்சம் கிளறினார்.

“வேரெல்லாம் மேலாலயே கெடக்குதுங்க. தேடிப் போகவே இல்ல. ஊட்டுக்கே சோறு வந்துட்டா யாருங்க காட்டுக்குப் போவாங்க?”

யார் யூரியா போட்டது என்று கேட்டார். தெரியாது என்றேன். பச்சைப் பொய்.

ஜூலை 16, புதன்

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். நான்தான்.

துணியில் சாயம் அச்சடிக்கிற பிரிண்ட் பேஸ்ட்டுக்கு யூரியா வேண்டும். தினமும் இரண்டு மூன்று வாளி கரைப்போம். வாளி கழுவுகிற தண்ணீரை வாசலிலேயே மரத்துக்கு ஊற்றிவிடுவேன். ஐந்து வருடமாக. பயிருக்குப் போடுகிற சாமான்தானே, வீணாக்குவானேன் என்று. கேட் வரை வாளியைத் தூக்கிப் போகச் சோம்பல், அதனால் அந்த மரம் தப்பித்தது.

புங்கன் நிலக்கடலை மாதிரி, காற்றில் இருக்கிற சத்தைத் தானே பிடித்து உரமாக்கிக்கொள்ளும், வேரில் முடிச்சு முடிச்சாக இருக்கும் என்று அண்ணன் நேற்றுச் சொன்னார். மதியம் சோற்றுக் கரண்டியோடு கேட் மரத்தடிக்குப் போனேன். வாட்ச்மேன் ஒரு மாதிரி பார்த்தார். தோண்டினால் சின்ன வேர்களில் கடுகும் மிளகுமாக முடிச்சு. ஒன்றை நகத்தால் நசுக்கினேன். உள்ளே லேசான சிவப்பு.

என் மரத்தில் நாலு இடம் தோண்டிவிட்டேன். வழுவழுவென்று வெறும் வேர். ஒரு முடிச்சுகூட இல்லை. சும்மா கிடைக்கும்போது எதற்குப் பாடுபட வேண்டும் என்று விட்டுவிட்டது போல. நான் வளர்த்த லட்சணம் இது.

கரண்டியைக் கழுவி வைத்தேன். மூட்டு குத்துகிறது.

ஜூலை 18, வெள்ளி

பக்கத்து வீட்டு சுமதி முருங்கைப் போத்து கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். ஞாயிறு சாயங்காலம் என் கையால் நட்டுத் தர வேண்டுமாம். மாடு மாதிரித் தலையாட்டினேன்.

என் யூரியாதான் காரணம் என்று தெரிந்தால் மரத்தை விட்டுவைப்பாரோ என்று, முதலாளியிடம் சொல்ல மூன்று தடவை ஆபீஸ் வாசல் வரை போனேன். கம்பெனி யூரியா, பிகாஷின் ஸ்கூட்டர், திட்டு, எல்லாம் பயம்தான். ஆனால் உண்மைக் காரணம் அது இல்லை. இந்த ஊருக்கு வந்து முதல் ஐந்து வருடம் நான் வெறும் “தெக்கத்திக்காரி”. இந்த மரம் தழைத்த பிறகுதான் “கைராசிக்கார ஜெபாக்கா”. அந்தப் பெயரை விட மனசு வரவில்லை. அதற்காக ஒரு மரம் சாக வேண்டுமா? கேவலமாக இருக்கிறது.

மெரூன் ஓகே ஆகிவிட்டது. சந்தோஷம் இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

ஆராதனைக்குக் கோயிலுக்குப் போகவில்லை. எட்டு மணிக்கே யூனிட்டில். அண்ணன் கயிறு கட்டி ரம்பத்தை எடுத்துவிட்டார். முதலாளி சேர் போட்டு உட்கார்ந்திருந்தார். ஹேண்டில் வளைந்த ஸ்கூட்டரோடு பிகாஷும் வந்திருந்தார்.

“மொதலாளி, மரத்து மேல தப்பு இல்ல. அஞ்சு வருசமா யூரியா வாளியக் கழுவி நாந்தான் ஊத்துனேன்.”

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“ஏனுங்க ஜெபா, அந்தத் தண்ணி சாயக் கழிவுத் தொட்டிக்குத்தான போகோணும்?” என்றார். ஆமாம் என்றேன். ஸ்கூட்டர் செலவைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று பிகாஷிடம் சொன்னார். பிறகு பழனிச்சாமி அண்ணன் பக்கம் திரும்பி மரம் பிழைக்குமா என்று கேட்டார்.

பாதிக் கொப்பைக் கழித்துப் பாரத்தைக் குறைக்கலாம், உரத்தை அடியோடு நிறுத்த வேண்டும், இலை வெளுக்கும், கொட்டும், வேர் தானாகத் தேடப் பழகினால் உண்டு, பழகாவிட்டால் இல்லை என்றார் அண்ணன்.

“தீபாவளி வரைக்கும் பாப்போம். தேறலீன்னா எடுத்துப்போடலாம்” என்றார் முதலாளி.

பாதி மரம் லாரியில் போயிற்று. பார்க்க முடியவில்லை.

ஜூலை 21, திங்கள்

யூனிட் முழுக்கத் தெரிந்துவிட்டது. செக்கிங் பெண்கள் நான் போகும்போது வாளி, வாளி என்று சிரிக்கிறார்கள். மண்ணரைக்கும் செய்தி போய்விட்டது. முருங்கையைச் சுமதியின் புருஷனே நட்டுவிட்டார். நட்டதை அவள் என்னிடம் சொல்லவில்லை, குழாயடிக்குத் தண்ணீர் எடுக்கப் போனபோது நானே பார்த்தேன்.

வலித்தது. ஆனால் நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன், அதையும் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 8, திங்கள்

நல்ல வெயில். காற்று நின்றுவிட்டது. காஸ் வந்தது.

மரம் மஞ்சளாகிக்கொண்டே போகிறது. அடி இலைதான் முதலில் வெளுக்கிறது. இருக்கிற சத்தை நுனிக்கு அனுப்புமாம். புதுத் துளிர் சின்னது, பழைய இலையில் பாதி அளவு. யூரியா மூட்டை பத்தடியில் இருக்கிறது. ஒரு பிடி போட்டால் ஒரே வாரத்தில் கருகருவென்று ஆகிவிடும். தினமும் கை பரபரக்கிறது.

அடியில் நிழல் இல்லை, எல்லோரும் சாப்பிட ஷெட் பக்கம் போய்விட்டார்கள். நான் மட்டும் அங்கேயே, தலையில் துண்டு போட்டுக்கொண்டு. கத்தரிக்காய்க் குழம்பு, உப்பு கொஞ்சம் தூக்கல்.

முதலாளி அந்தப் பக்கம் வந்தவர் நின்றார்.

“பொழச்சுக்குமுங்களா ஜெபா?”

“தெரியல மொதலாளி.”

அந்த யூரியாப் பொய்யைத் தவிர, செடி பற்றி யார் எது கேட்டாலும் இதுவரை நான் தெரியாது என்று சொன்னதில்லை. அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். பயமாகத்தான் இருந்தது. எழுந்து, குழாயைத் திறந்து இரண்டு வாளி ஊற்றினேன். வெறும் தண்ணீர்.