உள்பக்கம் கட்டிய வாட்ச்

சேசு மரி சூசை

திருக்காட்டுப்பள்ளி
4-8-2024

தங்கை அமலோற்பவத்துக்கு அக்கா விண்ணரசி எழுதுவது. ‘அன்புள்ள’ என்று போடக் கை வரவில்லை, விட்டுவிட்டேன்.

அன்றைக்குப் பெட்டியில் வைக்கும்வரை கிட்டே இருந்தவர்களைச் சொல்கிறேன், நீயே சரிபார்த்துக்கொள். என் வீட்டுக்காரரை நடுக்கூடத்தில் கிடத்தியிருந்தது. தலைமாட்டில் நான். கால்மாட்டில் மகன் அருளப்பன். அவர் ஓட்டின பஸ்ஸில் கண்டக்டராக இருந்த பக்கீர் முகம்மது. பக்கத்து வீட்டு அமிர்தம். யூனிபாரம்கூட மாற்றாமல் பேத்தி பிரின்ஸி. அப்புறம் நீ. உன் புருஷன் இன்னாசி. வேறு ஈ, காக்கை இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து இறக்கும்போது அவர் கையில் வாட்ச் இருந்தது. பெட்டியில் வைக்கும்போது இல்லை. கடைசியாகக் கையைத் தொட்டு ஜெபமாலை சுற்றியது இன்னாசி. அதனால்தான் உன் வாசல் மிதிக்கவில்லை. போன வருஷம் இன்னாசி சாவுக்கும் வரவில்லை.

இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. வருகிற 25ஆம் தேதி பிரின்ஸிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை கிளாட்சன், மெடிக்கல் காலேஜில் லேப் வேலை. மாப்பிள்ளைக்கு மோதிரமும் வாட்சும் போட வேண்டும் அல்லவா? தஞ்சாவூர்க் கடைக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். ஒன்றிலும் முள் இல்லை. கடைக்காரன், “பாட்டிம்மா, இது நெஞ்சுத் துடிப்பை எண்ணும்” என்றான். “எம் பேத்தியப் பாத்தா எத்தனை துடிக்குதுன்னு காட்டுமாடா? காட்டுனா குடு” என்றேன். பிரின்ஸி என்னை வெளியே இழுத்து வந்துவிட்டாள்.

அவர் வாட்சைத்தான் கட்ட வேண்டும். ஸ்டியரிங்கை விடாமல் மணி பார்க்க, முகம் உள்பக்கமாக இருக்கும்படி கட்டுவாரே, அது. அதை நினைத்து உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. கொடுத்து அனுப்பு. போனில் வேண்டாம், நீ மாற்றிப் பேசுவாய். எழுத்தில் சொல்.

விண்ணரசி

*

நாகப்பட்டினம்
10-8-2024

அன்புள்ள அக்காவுக்குத் தங்கை அமலோற்பவம் எழுதிக்கொண்டது. நீங்கள் போடாவிட்டாலும் நான் போடுவேன். முட்டி வலிக்குத் தைலம் தேய்க்கிறீர்களா?

வாட்ச் என்னிடம்தான் இருக்கிறது. ஓடிக்கொண்டும் இருக்கிறது.

அந்தோணிமுத்து அத்தான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சாவதற்கு முன்னாலேயே, அவரே கழற்றி இவரிடம் கொடுத்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். “சகலை, இது விண்ணரசி கைக்குப் போச்சுன்னா, பிரின்ஸிய கட்டிக்கிறவன் அவளுக்குப் புடிக்கலேன்னா குடுக்க மாட்டா. கோவத்துல குடமுருட்டியில வீசிடுவா. நீ வச்சிரு. நிச்சயத்தன்னிக்குக் குடு. அதுவரைக்கும் அவகிட்ட மூச்சு விடாத” என்றார். கல்யாண மோதிரத்தை நீங்கள் ஆற்றில் வீசினது ஊருக்கே தெரியுமே, அக்கா.

இவர் வாக்குக் கொடுத்துவிட்டார். நீங்கள் கல்லறையில் அத்தனை பேர் முன்னால் “திருட்டுப் பய” என்றீர்கள். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, அந்த வாட்சுக்குச் சாவி கொடுத்தார். அப்புறம் தினமும் காலையில் காப்பிக்கு முன்னால் அதுதான் வேலை. ஓடாமல் விட்டால் எண்ணெய் இறுகிவிடுமாம். இப்போது நான் கொடுக்கிறேன்.

ஒரு தடவையாவது “எடுத்தீங்களா?” என்று கேட்டிருக்கலாம். நீங்கள் கேட்கவே இல்லை, சொன்னீர்கள்.

கொடுத்து அனுப்ப மாட்டேன். நீங்களே வந்து, இவர் படத்துக்கு முன்னால் நின்று, கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தங்கை
அமலோற்பவம்

*

திருக்காட்டுப்பள்ளி
14-8-2024

தங்கைக்கு,

பொய். கையில் இருந்ததை நான் பார்த்தேன். என் ஞாபகத்தைக் குறை சொல்ல இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. நான் வர மாட்டேன். பக்கீர் முகம்மதுவைக் கேட்கப் போகிறேன், அவர் சொல்லட்டும்.

விண்ணரசி

*

திருக்காட்டுப்பள்ளி
27-8-2024

அன்புள்ள தங்கைக்கு அக்கா எழுதுவது.

உன் வீட்டில் வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். பக்கீர் முகம்மது என்ன சொன்னார் என்று நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. “வண்டியிலேருந்து எறக்குறப்ப அந்தக் கைய நாந்தானேக்கா புடிச்சிருந்தேன். வெறுங்கை. வெயில் படாத வெள்ளத் தடம்தான் பட்டையா இருந்துச்சு” என்றார். நான் பார்த்தது அந்தத் தடம்.

மறு பஸ்ஸிலேயே நாகைக்கு வந்துவிட்டேன். இன்னாசி படத்துக்கு முன்னால் ஏன் அத்தனை நேரம் நின்றாய் என்று கேட்டாயே. அந்த மனுஷனிடம் சொல்ல ஒரு வார்த்தை தேடினேன். நீ வாட்சைத் துடைத்துத் துடைத்துக் கையில் வைத்தாய், அது டிக் டிக் என்றது. என்னை அது திட்டுகிற மாதிரி இருந்தது.

முட்டைக் கறி கொடுத்து அனுப்பினாய். பஸ்ஸிலேயே தின்றுவிட்டேன். உப்புக் குறைச்சல்.

நிச்சயத்துக்கு நீ வராதது எனக்குக் குறைதான். கிளாட்சன் தன் போன்-வாட்சைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கையை நீட்டினான். அருளப்பன் எல்லோரையும் போல வெளிப்பக்கமாகக் கட்டினான். நான் எழுந்து போய்த் திருப்பிக் கட்டினேன். “ஏன் பாட்டி?” என்றான் மாப்பிள்ளை. “இது அப்படிப் பழகுன வாட்சு” என்றேன். நேற்று பிரின்ஸிக்குப் போன் செய்தானாம், பைக்கில் போகும்போது மணி பார்க்க வசதியாக இருக்கிறது என்று. காலையில் சாவி கொடுக்க மட்டும் மறந்துவிட்டானாம். ஞாபகப்படுத்த நான் இருக்கிறேன்.

மோதிரத்தை வீசினது உண்மைதான். எதற்காக வீசினேன் என்பதை உன் அத்தான் சொல்லியிருக்க மாட்டார்.

கல்லறைத் திருநாளுக்கு நாகைக்கு வருகிறேன். இன்னாசி தலைமாட்டில் நான்தான் மெழுகுவர்த்தி ஏற்றுவேன், நீ முந்திக்கொள்ளாதே. இங்கே உள்ள கல்லறைக்கு அருளப்பன் போகட்டும்.

உன் அக்கா
விண்ணரசி

பி.கு.: பாவசங்கீர்த்தனத்தில் சாமியார், எல்லோரையும் மன்னித்துவிடுங்கள் என்றார். கடைக்காரனை மன்னித்தேன். இத்தனை வருஷம் வாய் திறக்காத உன்னையும் மன்னித்தேன். என்னோடு ஒரு பாயில் படுத்து எழுந்து, ஒரு வாட்சை என் கையில் கொடுக்கப் பயந்து, நல்ல மனுஷன் ஒருவரை என் வாயாலேயே திருடனாக்கிவிட்டுப் போனாரே, அவரை மட்டும் மன்னிக்க மாட்டேன். அந்தோணிமுத்துவை.