நான் அலசிய தட்டு

ரசத்துக்கு நசுக்கிய பூண்டை வாணலியில் போட்டுவிட்டு மறந்துபோனேன். கருகிய வாசனை திருப்பாதிரிப்புலியூர் வீடு முழுக்கப் பரவியதும் உன் ஞாபகம் வந்தது. கூடவே வயிற்றெரிச்சலும். நீ போய்ச் சேர்ந்தும் அது மட்டும் போகவில்லை.

சிதம்பரத்தில் ஜியாலஜி படித்த கடைசி வருடம், நாமக்கல் பக்கத்து ஓடையில் மணல் அலசப் போனோமே. காலையிலிருந்து தட்டைச் சுழற்றி லேசான மணலையெல்லாம் தண்ணீரோடு வெளியேற்றியது நான். கறுப்பு மணல் மட்டும் மிஞ்சியபோது இடுப்பு விட்டுப்போயிற்று. "இதப் புடிடி, தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று உன்னிடம் நீட்டினேன். திரும்பி வருவதற்குள் நாலு சுற்றுச் சுற்றிவிட்டாய். தட்டின் அடியில் குண்டூசித் தலையளவு ஒரு துகள், ஈயம் பூசிய பாத்திரம் போல வெள்ளையாக மின்னியது.

ஸ்பெர்ரிலைட். பிளாட்டினமும் ஆர்சனிக்கும் சேர்ந்த கனிமம். கனடாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் கிடைப்பதாகப் புத்தகத்தில் மட்டும் படித்திருந்தோம். சாதாரண மணலைவிட நாலு மடங்கு கனம், அதனால்தான் எவ்வளவு அலசினாலும் தட்டை விட்டுப் போகாது. கத்தியால் கீறினாலும் கோடு விழாது, அமிலத்துக்கும் லேசில் மசியாது. லேபில் சார் அதன் ஓரத்தை உடைத்துக் கரித்துண்டில் வைத்துச் சூடாக்கினார். பூண்டு வாசனை வந்தது. "ஆர்சனிக்தான், கிட்ட வராதீங்க" என்று நம்மை விரட்டிவிட்டு உனக்குத்தான் கை கொடுத்தார்.

"அலசுனது நானுடி" என்றேன்.

"வல இழுத்தவன்லாம் இருக்க, மீனு எவன் கைல மாட்டுதோ அவனுதுதான்" என்று சிரித்தாய், கடலோரக் கிள்ளை ஊர்க்காரி. அந்தத் துகளைச் சொல்லித்தான் உனக்கு ஆராய்ச்சிப் படிப்பு கிடைத்தது. நான் கடலூரில் பள்ளிக்கூடத்து டீச்சரானேன். ஊர் ஊராகப் போய் நீ அனுப்பிய போட்டோக்களை ஒன்று விடாமல் பார்த்தேன். ஒன்றுக்கும் மனசார வாழ்த்தவில்லை.

போன வாரம் துக்கம் கேட்க உன் வீட்டுக்குப் போயிருந்தேன். உன் மகள் சின்னக் கண்ணாடிக் குப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். "அம்மா கண்டுபுடிச்சது, அத்தே."

வெட்கத்தை விட்டுச் சொன்னேன். "ரெண்டு பேரும் சேந்துதாம்மா."

"அம்மா அப்படிச் சொல்லலியே. ஆனா உங்களுக்கு இதுமேல ஒரு கண்ணுன்னு சொல்லிருக்காங்க" என்றவள், குப்பியை எடுத்துப்போய் பீரோவில் வைத்துப் பூட்டினாள். அடிப்பாவி, செத்தும் காவல் போட்டுவிட்டுப் போயிருக்கிறாய்.

பஸ்ஸில் கடலூர் வரும்வரை அழுதேன். யாருக்கு என்ன ஆச்சு என்று பக்கத்து சீட்டு அம்மா கேட்டார்.

"என் ஃப்ரெண்டு போய்ட்டா. என் பொருளத் தராமலே போய்ட்டா."