கயிற்றுக்கு அந்தப் பக்கம்

11.02.1986, செவ்வாய்

பனி. ஸ்ட்ரெதத்தில் பஸ் பிந்தி வந்தது. முழங்கால் இரண்டும் காலையிலேயே முறைப்பாட்டைத் தொடங்கிவிட்டன. மியூசியத்தில் காவலாளுக்கு உட்காரக் கதிரை இல்லை. இருந்தால் நித்திரையாகிவிடுவோமாம். ஆகவே பத்து மணியிலிருந்து ஐந்து மணிவரை நான் நிற்கிறேன். எனக்குப் பின்னால் கொக்கும் நிற்கிறது.

கொக்கு என்று நான் சொல்வது எங்கள் மண்டபத்து நீராவி எஞ்சினை. 'வைற் ஹெரன்' என்று பித்தளையில் பெயர் பொறித்திருக்கிறது. வெள்ளைக் கொக்கு. காற்றைக் கிழித்துக்கொண்டு ஓட வேண்டுமென்று 1937இல் மூக்கைச் சரித்து, உடம்பு முழுவதும் தகட்டால் போர்த்திக் கட்டியிருக்கிறார்கள். இப்போது ஓட்டமும் இல்லை, புகையும் இல்லை. சுற்றிவரச் சிவப்புக் கயிறு. சாரதி நிற்கும் அறைக்கு ஒரு சின்ன இரும்புக் கதவு. அதைப் பூட்டும் திறப்பு என் இடுப்பு வளையத்தில். பழைய றெயில்வேக்காரர் யாராவது கேட்டால் ஏற்றிவிடலாம், அது உன் விருப்பம் என்று சுப்பவைசர் முதல்நாளே சொல்லியிருக்கிறார்.

செவ்வாயில் பென்சன்காரருக்கு ரிக்கற் தேவையில்லை. இன்று ஒரு கிழவன் கயிற்றைத் தாண்டிக் கையை நீட்டிக் கொக்கைத் தடவினான். கையை எடுங்கள் சேர் என்றேன். "நான் இவளை ஓட்டியவன், சன்" என்றான்.

சன்! மகனாம். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கொழும்பில் ஒரு தபால் கந்தோரை நடத்தியவன். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் அதை எரித்தார்கள், நான் இங்கே வந்து கயிறு காக்கிறேன். அதற்காக இவனுக்கு நான் மகனா?

18.02.1986, செவ்வாய்

வந்தான். கிழவனின் பெயர் வில்மொட். ஏறி ஒரு நிமிடம் தன் கதிரையில் இருந்து பார்க்கலாமா என்று கேட்டான்.

"சொறி சேர். றூல்ஸ்."

இந்த மூன்று சொல்லையும் நான் சும்மா படிக்கவில்லை. அகதி விண்ணப்பத்தோடு போன இடத்தில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஒரு பொடியன் எனக்குப் படிப்பித்தான். முகத்தில் கோபம் இருக்கக் கூடாது. குரல் உயரக் கூடாது. சொல்லிவிட்டு, அந்த ஆளுக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்க்க வேண்டும். நானும் அப்படியே சுவரைப் பார்த்தேன்.

கிழவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். திறப்பு இடுப்பில் கனமாகத்தான் கிடந்தது. இரவு புட்டை இரண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

23.03.1986, ஞாயிறு

ஹரோவில் யோகராஜா வீட்டில் பிறந்தநாள். கிழவனின் கதையை நடித்துக் காட்டினேன். அவன் தொப்பியைக் கழற்றிப் பல்லைக் காட்டுவது, நான் சுவரைப் பார்ப்பது, எல்லாம். ஆண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "வெள்ளைக்காரனை வரிசையிலை நிற்பாட்டின முதல் தமிழன் நீங்கள்தான் அண்ணை" என்றான் யோகராஜா.

என் மனைவி சிவமலர் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது றெயிலில் கேட்டாள்:

"அந்தாள் உங்களுக்கு என்ன செய்தவர்?"

"சன் எண்டு கூப்பிட்டவன்."

"இஞ்சை பஸ்காரன்கூட என்னை டார்லிங் எண்டுதான் கூப்பிடுறான். அதுக்கு நான் அவனோடை போயிட்டனே?"

அவளோடு கதைத்து வெல்ல ஏலாது. சன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

15.07.1986, செவ்வாய்

கிழவன் ஒரு செவ்வாயும் தவறுவதில்லை. கேட்பான், நான் றூல்ஸ் சொல்வேன், பிறகு கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் பிரசங்கம். காது எனக்கு மூடிக்கிடக்கவில்லையே, எல்லாம் விழுகிறது.

தொண்ணூறு மைல் வேகத்தில் போகும்போது சாரதியின் அறையில் தேநீர் கோப்பையைப் பிடிக்க முடியாதாம். முகத்தின் ஒரு பக்கம் நெருப்பில் வேகும், மறுபக்கம் மழையில் விறைக்கும். யுத்தத்தில் நீலப் பெயின்றுக்கு மேல் கறுப்பை அப்பினார்களாம். உருளும் சில்லுகளை மூடிய தகட்டைக் கழற்றிப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டு, இருபது பெட்டி நிறையப் பட்டாளத்தை இழுக்க வைத்தார்களாம். இப்போது பளபளவென்று இருக்கும் கீழ்த்தகடு மியூசியம் புதிதாக அடித்துப் போட்டதாம். "இது அவளுடைய உடுப்பு இல்லை" என்று ஒரு பெண்பிள்ளைக்குச் சொன்னான். அந்தப் பிள்ளை ஐஸ்கிறீம் எங்கே விற்கிறது என்று கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது.

இன்னொன்றும் சொன்னான். அறுபத்துமூன்றில் கொக்கின் கடைசி ஓட்டத்துக்கு இவன் பெயரைத்தான் போட்டிருந்தார்களாம். காலையில் உடுத்திக்கொண்டு போனால், மேலிடத்து ஆள் ஒருவரின் மைத்துனன் படம் எடுக்க வேண்டுமென்று இவன் கதிரையில் ஏறி இருக்கிறானாம், இறங்க மாட்டேன் என்றானாம். இவன் பிளாற்போமில் நின்று கையைக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போனானாம்.

நல்ல கதை. எல்லாரிடமும் ஒரு கதை இருக்கிறது. என்னிடமும் இருக்கிறது, அதை யார் நின்று கேட்டார்கள்?

07.10.1986, செவ்வாய்

கோபாலன் வந்து கொக்கின் இடது விலாவில் சோக்கால் கோடு போட்டான். மலேசியாவிலிருந்து படிக்க வந்து, மியூசியத்து வேர்க்‌ஷொப்பில் படம் வரையும் வேலைக்கு இருந்துவிட்ட பிள்ளை. என்ன கோடு என்று கேட்டேன்.

"வெட்டப் போறாங்கண்ணே. இந்தப் பக்கம் முழுசும். உள்ள பாய்லர் குழாய், நெருப்புப் பெட்டி எல்லாம் பிள்ளைங்களுக்குத் தெரியணுமாம். கீழ ஒரு மோட்டார் வெச்சு சக்கரத்தைச் சுத்த விடுவாங்க."

"பிறகு ஓடுமே?"

"எப்படிண்ணே ஓடும்? வயித்தைக் கிழிச்ச பிறகு? பாதுகாக்கிறதுன்னு பேரு." சோக்கை நிலத்தில் எறிந்தான். "ஓட வைக்கலாம்னு நாலு தடவை எழுதிக் கொடுத்தேன். கோடு போடுற வேலையை என்கிட்டயே கொடுத்துட்டாங்க."

வெட்டுகிற பக்கம் சாரதியின் பக்கம். கிழவனின் கதிரையும் போகும்.

போகும்போது கோபாலன் சொன்னான்: "அண்ணே, அந்தப் பெரியவரை ஒரு தடவை ஏத்தி விட்டுடுங்களேன். சாவி உங்ககிட்டதானே இருக்கு."

பார்ப்போம் என்றேன்.

08.10.1986, புதன்

சிவமலருக்குச் சொல்லவில்லை.

21.10.1986, செவ்வாய்

வாசலில் அறிவித்தல் ஒட்டிவிட்டார்கள். அடுத்த மாதத் தொடக்கத்திலிருந்து மண்டபம் பூட்டு. கிழவன் அதை மூக்கு முட்ட நின்று வாசித்தான். கண் சரியில்லை போலிருக்கிறது. பிறகு என்னிடம் வந்து தொப்பியைக் கழற்றினான். யோகராஜா வீட்டில் நான் நடித்ததுபோல இல்லை. பல்லைக் காட்டவில்லை.

"ப்ளீஸ், சேர்" என்றான்.

சேர். எட்டு மாதமாக நான் காத்திருந்த சொல். கையில் வந்து விழுந்தபோது என்ன செய்வதென்று தெரியவில்லை. வாய் தன்பாட்டில் றூல்ஸ் என்று சொல்லிவிட்டது. சுவரைப் பார்த்தேன். சுவரில் பார்க்க ஒன்றும் இல்லை.

இரவு சிவமலருக்கு எல்லாவற்றையும் சொன்னேன், திறப்பு என்னிடம் இருப்பதையும். இவ்வளவு நாளும் அதைச் சொல்லவில்லை. அவள் கறியைக் கிளறிக்கொண்டே, "அப்ப றூல்ஸ் எண்டு ஒண்டும் இல்லை. நீங்கள்தான் றூல்ஸ்" என்றாள். பிறகு, "கந்தோரிலையும் இப்பிடித்தானே இருந்தனீங்கள். அஞ்சு மணி அடிச்சாப் பிறகு அழுதுகொண்டு வந்த சனத்துக்கும் தந்தி அடிச்சுக் குடுக்கேல்லை."

அது வேறு. அது அரசாங்க வேலை. என்ன விசர்க்கதை கதைக்கிறாள்!

28.10.1986, செவ்வாய்

திறப்பை வளையத்திலிருந்து கழற்றிக் கோட்டுப் பையில் வைத்திருந்தேன். இன்னொருதரம் கேட்டால் திறந்துவிடுவது என்று பஸ்ஸிலேயே முடிவு. சேர் என்றுகூட வேண்டாம். கேட்டால் போதும்.

கிழவன் வந்தான். கயிற்றடியில் நின்றான். கொக்கைப் பார்த்தான், சோக்குக் கோட்டைப் பார்த்தான், நான் நின்ற பக்கம் பார்க்கவே இல்லை. நான் செருமினேன். பக்கத்தில் போய்க் கயிற்றைச் சரிசெய்வதுபோல நின்றேன். கேளடா, வாயைத் திறந்து கேளன்!

கேட்கவில்லை. மணி அடித்தது. எல்லாரோடும் வெளியே போனான்.

நானாகத் திறந்திருக்கலாம் என்பாள் சிவமலர். ஏன் நான்? தேவை யாருக்கு?

03.11.1986, திங்கள்

வெட்டுகிறார்கள். தார்ப்பாய் கட்டி, உள்ளே வாயுச் சுவாலையால். இரும்பு எரியும் மணம் தொண்டையில் நிற்கிறது, தேநீரிலும் அதே மணம். யுத்தத்திலும் உடையாத உடம்பாம். மத்தியானத்துக்கிடையில் ஒரு ஆள் படுக்கும் நீளத்துக்குத் திறந்துவிட்டார்கள். வெட்டிய ஓரங்களுக்குச் சிவப்புப் பெயின்ற், பிள்ளைகளுக்கு விளங்குவதற்காம். இறைச்சிக்கடை மாதிரி இருக்கிறது. கோபாலன் சாப்பிடவில்லை.

02.12.1986, செவ்வாய்

நல்ல செய்தி. டொக்டரின் கடிதத்தைக் காட்டியதில், என் முழங்காலுக்காக மண்டபத்தில் ஒரு கதிரை வைத்துக்கொள்ளச் சுப்பவைசர் சம்மதித்துவிட்டார். மியூசியம் கதிரை தராது, நீயே தேடிக்கொள் என்றார். கோபாலன் வேர்க்‌ஷொப்பிலிருந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். தடித்த மரப்பலகை, முதுகுக்குத் தேய்ந்த தோல். புதிதாக நான்கு இரும்புக் கால் ஒட்டவைத்திருந்தான்.

"எறிய வெச்சிருந்தாங்கண்ணே. கொக்கோட டிரைவர் சீட்டு. உட்காருங்க."

அவன் முகத்தைப் பார்த்தேன். குத்திக்காட்டுகிறானா, அன்பா என்று தெரியவில்லை. இருந்தேன். பலகை ஒரு பக்கம் கொஞ்சம் பள்ளமாக இருக்கிறது. வேறொருவன் இருந்து இருந்து விழுந்த பள்ளம். என் உடம்புக்கும் அது பொருந்துகிறது.

முழங்காலுக்கு என்ன சுகம்!

10.03.1987, செவ்வாய்

மண்டபம் திறந்து இரண்டாவது கிழமை. பிள்ளைகள் பொத்தானை அழுத்தினால் மோட்டார் உறுமிக் கொக்கின் சில்லுகள் நின்ற இடத்திலேயே சுற்றுகின்றன. மறுபக்கத்தில் படி வைத்து, சாரதியின் அறைக்குள் எல்லாரையும் விடுகிறார்கள். கதவையே கழற்றிவிட்டார்கள். எந்தக் குஞ்சு குருமானும் ஏறி விசிலை இழுக்கலாம். திறப்பு என் வளையத்தில் சும்மா தொங்குகிறது.

மத்தியானம் வில்மொட் வந்தார். கையில் வெள்ளைத் தடி. சிவப்பு ஓரங்களைக் கையால் தடவித் தடவி, கிழித்த பக்கம் முழுவதும் நடந்தார். இப்போது தடவலாம், யாரும் தடுப்பதில்லை. சாரதியின் பக்கத்துக்கு வந்ததும் கை வெறும் காற்றில் துழாவியது.

"இங்கே ஒரு கதிரை இருந்ததே?" என்றார். கேட்ட பக்கம் யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

நான் அதில்தான் இருந்தேன். எட்டினால் கை படும் தூரம். என் கோட்டு அதன் முதுகில் தொங்கியது.

"வேர்க்‌ஷொப்பில்தான் கேட்க வேண்டும், சேர்" என்றேன்.

"நீதானா, சன்" என்றார். சிரித்தார். "நன்றி."

நான் எழும்பவில்லை.

11.03.1987, புதன்

நித்திரை இல்லை. ஏன் எழும்பவில்லை? முழங்கால் என்று எழுதலாம். எழுதினால் யார் நம்பப்போகிறார்கள்.

17.05.1988, செவ்வாய்

நல்ல வெயில். கூட்டம் குறைவு. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் பிஸ்கட் ரின் ஒன்றோடு வந்து, நீண்டநாளாக இந்த மண்டபத்தில் நிற்கும் இந்தியக் கனவான் நீங்களா என்று கேட்டாள். இலங்கை என்றேன். மன்னிப்புக் கேட்டாள். தான் வில்மொட்டின் மகள் என்றாள். போன மாதம் அவர் செத்துப்போனாராம்.

அவள்தான் கதைத்தாள். அப்பா வீட்டில் என்னைப்பற்றி அடிக்கடி சொல்வாராம். எத்தனை தரம் கேட்டும் தன்னைக்கூட ஏற விடவில்லை, அவ்வளவு ஒழுங்கான ஆள், அந்த மனிதன் நிற்கும்வரை கண்ட கண்டவன் எல்லாம் தன் எஞ்சினில் ஏற முடியாது என்று பெருமையாகச் சொல்வாராம். வெட்டியது உங்கள் பிழை இல்லை என்பதும் அவருக்குத் தெரியும் என்றாள். இந்த ரின்னை உங்களுக்குக் கொடுக்க வேண்டும்போல இருந்தது என்றாள்.

வாங்கினேன். வேறு என்ன செய்வது? வளையத்தில் அந்தத் திறப்பு கிடந்தது. கையால் பொத்திக்கொண்டேன்.

தூர இடத்திலிருந்து வந்திருக்கிறாள், முகம் வாடியிருந்தது. கொஞ்சம் இருக்கலாமா என்று கேட்டாள். நான் எழும்பினேன். அவள் கதிரையில் சாய்ந்து, கைப்பையை மடியில் வைத்து, சுற்றும் சில்லுகளைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். இது எது தெரியுமா என்று கேட்டால் போதும். அவள் பலகையைத் தட்டிப் பார்த்தாள்.

"பழைய சாமான் போலிருக்கிறது. ஆனால் நல்ல சுகமாக இருக்கிறது" என்றாள்.

ஓம் என்றேன்.

அவள் போன பிறகு நான் அதில் இருக்கவில்லை. ஐந்து மணிவரை நின்றேன். இப்போது சிவமலர் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டு, என் முழங்கால் இரண்டுக்கும் எண்ணெய் பூசுகிறாள். கதிரை தந்தவை எண்டெல்லோ சொன்னனீங்கள், ஏன் இப்பிடி வீங்கியிருக்கு என்று கேட்கிறாள்.