கை ஓங்கியதும் மூடும் கண்

முன்னிக்கு,

உன் கல்யாணத்திலிருந்து வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில் உன் புருஷன் நடத்திய குதிரைப் பயிற்சி முகாமுக்கு நானும் போயிருந்தேன். கூட்டத்துக்குப் பின்னால் நின்றதால் நீ என்னைப் பார்க்கவில்லை.

"அடிக்கிறதே கெடையாதுங்க, அன்பாலதான் பழக்குறேன்!" என்று மைக்கில் அவன் சொன்னான். கையைத் தூக்கினான். குதிரை கண்ணை இறுக மூடித் தலையைத் திருப்பிக்கொண்டது.

"இன்னா சார் இது, கையத் தூக்குனதும் பெட்டிப்பாம்பா அடங்கிடுச்சே!" என்றார் பக்கத்தில் நின்ற ஜட்காக்காரர். எல்லோரும் கைதட்டினார்கள். வெட்கங்கெட்ட கூட்டம்.

அப்புறம் அவன் தண்ணீர் கேட்டான். நீ கொண்டுபோனாய். டம்ளரை வாங்க அவன் கையைத் தூக்கியதும் நீயும் அதேபோலக் கண்ணை மூடித் தலையைத் திருப்பிக்கொண்டாய். அதற்கு யாரும் கைதட்டவில்லை.

"எனக்கு அண்ணனே இல்லன்னு நெனச்சிக்கிறேன்" என்று கல்யாணத்தன்றைக்கு நீ சொன்னதை நான் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. ஆனால் வல்லத்து வீட்டில் உன் அறை அப்படியே இருக்கிறது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறு. ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன்.

அவன் கைக்குப் போகாமலிருக்க, இதை நீ வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறேன். அண்ணன் என்று கையெழுத்துப் போட இன்னும் மனம் வரவில்லை. போடாமலே தபாலில் சேர்க்கிறேன். என் எழுத்து உனக்குத் தெரியும்.