வெள்ளிக்கிழமை முதல் அந்தப் புள்ளி நகராது

மெங்யின்,
ஜூன் 18, புதன் மாலை

அன்பு மகள் சியாவ்மானுக்கு,

நானும் உன் அம்மாவும் போன மாதம் இருந்தபடியே இருக்கிறோம். ஹாலிஃபாக்ஸில் நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியில் நீ குறுக்கே பேசுவாய், நானும் சொல்ல வந்ததை விட்டுவிடுவேன், அதனால் காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். முழுதும் படித்த பிறகு கூப்பிடு. அம்மா இன்று டயாலிசிஸ் முடிந்து வந்து தூங்குகிறாள். இரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கியது, கெண்டைக்கால் இழுத்தது, மற்றபடி குறையில்லை. பீச் பழம் வந்துவிட்டது, அவள் ஒரு துண்டுக்கு மேல் தின்னக் கூடாது என்பதால் நானும் வாங்குவதில்லை. பக்கத்து வீட்டுக் கோவ் மட்டும் சுவர் மேல் இரண்டு பழம் வைத்துவிட்டுப் போகிறார்.

விஷயம் காரைப் பற்றியது. மூன்று மாதமாக உன்னிடம் ஒரு பொய் சொல்லி வருகிறேன். காரை அறுபதுக்கு மேல் போகவிடாத தடையை எடுத்துவிட்டார்கள் என்றேன், எடுக்கவில்லை. லின்யி மருத்துவமனைக்குப் போக ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது என்று நீ கேட்டபோதெல்லாம் சாலை வேலை நடக்கிறது என்றேன், அப்படி எந்த வேலையும் நடக்கவில்லை. போன வருடம் ஏப்ரலில் எனக்கு எழுபது முடிந்த அன்று, நாம் போனில் முகம் பார்த்துக்கொண்டே நீள நூடுல்ஸ் சாப்பிட்டோம். அப்போது அப்பா இனிமே அறுபதுக்கு மேல போகக் கூடாது என்று நீ அங்கிருந்தே உன் போனில் தடை போட்டாய். நான் சரி என்றேன். வருடா வருடம் நினைவாற்றல் தேர்வு எழுதித்தான் உரிமத்தைக் காப்பாற்றுகிறேன், உன் பயம் எனக்குப் புரிந்தது. அக்டோபரில் அம்மாவுக்கு டயாலிசிஸ் தொடங்கிய பிறகு, திங்கள் புதன் வெள்ளி மூன்று நாளும் நீ அங்கே இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும் முன் தடையை எடுப்பாய், நாங்கள் வீடு திரும்பியதும் மறுபடி போடுவாய். ஒரு நாள் கூட நீ மறந்ததில்லை. மார்ச் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கார் கம்பெனியை மூடிவிட்டார்கள். அன்று தடை போட்டபடி இருந்தது, இருந்தபடியே நின்றுவிட்டது. கார் எங்கே இருக்கிறது என்ற தகவல் மட்டும் இன்னும் உன் போனுக்கு வருகிறது, உன் கட்டளை எதுவும் காருக்கு வந்து சேர்வதில்லை. சின்ன கார், மலிவான கார், ஆனாலும் விரைவுச்சாலையில் போகும் என்றுதான் விளம்பரம் செய்தார்கள், நாமும் அதற்காகத்தான் வாங்கினோம். கார் மேல் இன்றும் குறையில்லை. அது நூறில் போகக்கூடிய கார், அறுபதில் போகச் சொல்லியிருப்பதால் அறுபதில் போகிறது.

விரைவுச்சாலையில் குறைந்தபட்ச வேகமே அறுபது. அங்கே நமக்கு அறுபத்தெட்டு கிலோமீட்டர், முன்பு நாற்பத்தைந்து நிமிடம், இப்போது அறுபத்தெட்டு நிமிடம். ஏற்றத்தில் எதிர்க்காற்று அடித்தால் ஐம்பத்தெட்டுக்கு இறங்கிவிடும். மே மாதம் சுங்கச்சாவடியில் ஒரு காவலர் நிறுத்தி, தாத்தா இது விரைவுச்சாலை, காலையில வாக்கிங் போற பூங்கா இல்ல என்றார். பின் இருக்கையிலிருந்து உன் அம்மா, எங்க பொண்ணு கனடாவுல இருந்து பிரேக்க புடிச்சிருக்கா, நீங்க அவகிட்ட பேசுங்க என்றாள். அவர் சிரித்து, எச்சரிக்கை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பினார். மூன்று சக்கர வண்டி வைத்திருக்கும் கோவ் தினமும் கிண்டல் செய்கிறார், லுவான் அண்ணே, இப்ப உங்க காரும் என் வண்டியும் ஒரே வேகம், லைசென்ஸுக்கு நீங்க பரீட்சை எழுதுனதுதான் மிச்சம் என்று. நானும் சிரித்துவைக்கிறேன்.

போன புதன், பதினோராம் தேதி, சிரிக்கும்படி இல்லை. ஏற்றத்தில் கல் லாரி ஒன்று பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே வந்து கடைசி நேரத்தில் விலகிப் போனது. கார் ஆடியதில் அம்மா மடியில் வைத்திருந்த தினைக் கஞ்சி ஃபிளாஸ்க் கீழே விழுந்து உருண்டது. அவள் குனிந்து அதை எடுத்துத் துடைத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள். சனிக்கிழமை துணி மடித்துக்கொண்டே, வாரத்துக்கு ரெண்டு தடவ போனா போதாதா, மூணு எதுக்கு என்றாள். மருத்துவரிடம் கேட்டேன், கூடவே கூடாது என்றார். பழைய சாலையில் போய்ப் பார்த்தோம், இரண்டரை மணி நேரம். பேருந்து நின்று நின்று போகிறது, ஏழு மணிக்குள் படுக்கையில் இல்லையென்றால் அவளுக்கு டயாலிசிஸ் நேரத்தைக் குறைத்துவிடுகிறார்கள். வாடகைக் காரில் வாந்தி வந்துவிடுமோ என்று வழியெல்லாம் ஓட்டுநர் முகத்தையே பார்க்கிறாள். நம் ஊர் மருத்துவமனையில் இரவு முறையில்தான் இடம் இருக்கிறது, அவள் உடம்பு அதைத் தாங்காது. நான் களைத்துப்போனேன், சியாவ்மான். உன்னிடம் மறைக்க இனித் தெம்பில்லை.

கம்பெனியின் சர்வீஸ் மையத்தில் இருந்த நிங் ஷியூயுன் உனக்கு நினைவிருக்கும், காரை ஒப்படைத்த அன்று கண்ணாடிகளில் சிவப்பு நாடா கட்டிவிட்ட பெண். மூடிய ஷோரூம் வாசலிலேயே இப்போது ஜியன்பிங் தோசை சுட்டு விற்கிறாள். காரின் கணினியோடு இணைக்கும் கருவி, மாவுப் பாத்திரத்துக்குக் கீழே இழுப்பறையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தக் கார் வைத்திருப்பவர்கள் அங்கே கூடுகிறோம், முதலில் இருநூறு பேர், இப்போது நாற்பத்துமூன்று. அவளிடம் கேட்டேன். சித்தப்பா, அறுபத எடுத்துரலாம், ஆனா உங்க மக பேரையும் சேர்த்துத்தான் அழிக்கணும், அவங்க பேரு இருக்குற வரைக்கும் அவங்க போட்ட தடையும் இருக்கும், அழிச்சா அவங்க போன்ல கார் தெரியாது, திரும்பச் சேர்க்கக் கம்பெனியே இல்ல என்றாள். ஒரு பக்கம் வெங்காயத்தாளை நறுக்கிக்கொண்டே சொன்னாள். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

காரணம் உன் அம்மா. சுங்கச்சாவடி வந்ததும் அவள் கண்ணாடியைப் பார்த்துத் தலை வாரிக்கொள்வாள், சட்டைக் காலரைச் சரிசெய்வாள். சியாவ்மானுக்கு அவ போன்ல நம்ம கார் ஒரு புள்ளியாத்தான் தெரியும் என்று பல தடவை சொல்லிவிட்டேன். புள்ளியா இருந்தா என்ன, பொண்ணு பாக்குறா இல்ல என்பாள். நீ சாப்பாட்டுத் தட்டுப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு அந்தப் புள்ளி மருத்துவமனைக்குள் நுழையும் வரை பார்க்கிறாய் என்று மாப்பிள்ளை ஒருமுறை சொல்லியிருக்கிறார். அதைத்தான் அழிக்கப் போகிறேன் என்று நேற்று அவளிடம் சொன்னேன். சீப்பை எடுத்துப் பையில் வைத்தாள். பிறகு, அவ போட்டது நாம நல்லா இருக்கணும்னு, எடுக்குறதும் அதுக்குத்தான், அழிக்கச் சொல்லுங்க என்றாள்.

நாளை மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு நிங் கடை போடும்போதே காரைக் கொண்டுபோய் நிறுத்துகிறோம். பத்து நிமிட வேலை என்கிறாள். அதற்குப் பிறகு உன் போனில் புள்ளி அந்தக் கடை வாசலிலேயே நின்றுவிடும். அதைப் பார்த்துப் பயப்படாதே, கார் நின்றுவிட்டது என்றோ அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றோ நினைக்காதே. நாங்கள் அங்கிருந்து கிளம்பிப் போயிருப்போம். தொண்ணூறுக்கு மேல் போகமாட்டேன். அம்மா இனி முன் இருக்கையில் உட்கார்ந்து வேக முள்ளைப் பார்த்துக்கொண்டே வருவதாகச் சொல்லிவிட்டாள், உன்னைவிடக் கண்டிப்பாகத்தான் இருப்பாள். தடை போட்டதற்காக நீ உன்னை நொந்துகொள்ளவும் கூடாது, அன்று அதற்குத் தலையாட்டியவன் நான். புதிய கார் அனுப்புகிறேன் என்று தொடங்காதே. குட்டிக்குக் குளிர்காலச் சட்டை வாங்கு, மாப்பிள்ளையை முதுகு வலிக்கு மருத்துவரிடம் கூட்டிப்போ.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், சேர்ந்து, சிரித்து வாழ வேண்டும். வெள்ளிக்கிழமை எங்கள் நேரம் ஏழு மணிக்கு, அங்கே வியாழன் இரவு எட்டு, போனைப் பக்கத்தில் வைத்துக்கொள். அம்மா படுக்கையில் படுத்ததும் ஒரு படம் எடுத்து அனுப்புகிறேன். சுங்கச்சாவடியில் வழக்கம்போலத் தலை வாரிக்கொள்வாளாம், சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
லுவான் தெமிங்