ஆனியில் போட்ட கடிதம்

9.12.1986, செவ்வாய்

கீழ்வீட்டு ஹெல்மி எஸ்தோனியாக்காரி. நாற்பது வருசத்துக்கு முதல் ரஷ்யாக்காரர் நாட்டைப் பிடித்தபோது வள்ளத்தில் தப்பி இந்தக் குளிர்தேசத்துக்கு வந்தவள். இன்று தேத்தண்ணிக்குக் கூப்பிட்டாள். நான் வழமைபோல என் தங்கச்சி மணியைத் திட்டினேன். ஆறு மாதமாக யாழ்ப்பாணத்திலிருந்து பதில் இல்லை. அம்மாவின் சங்கிலியை அமுக்கினவள், இதுவும் செய்வாள்.

மருமகள் வசந்தி அதை இங்கிலிசில் சொன்னாள். ஹெல்மி சிரிக்கவில்லை. அவள் சொன்னதை வசந்தி எனக்குத் தமிழில் சொன்னாள்.

"மாமி, இவ தன்ரை தங்கச்சிக்கு முந்தி பத்து வருசமாக் கடிதமே போடேல்லையாம்."

"ஏனாம்? அவளும் சங்கிலி எடுத்தவளோ?"

"பகிடியை விடுங்கோ மாமி. இஞ்சயிருந்து போற கடிதத்தை அங்கை ரஷ்யாக்காரர் உடைச்சு வாசிப்பாங்களாம். முதல் கடிதத்துக்கே தங்கச்சியைக் கொண்டுபோய் விசாரிச்சவங்களாம். அதோடை இவ நிப்பாட்டிட்டா."

கோப்பையைக் கீழே வைத்தேன். ஆனியில் நான் எழுதிய கடிதம் வரிக்கு வரி நினைவிருக்கிறது. மணியின் மூத்தவனுடைய பெயரைப் போட்டு, "இயக்கத்துக்குப் போனவன் வீட்டுப்பக்கம் வாறவனோ?" என்று கேட்டிருந்தேன். எங்கள் ஊரிலும் கடிதம் உடைக்க, இயக்கப் பெடியன்களைத் தேடும் ஆமிக்காரர் இருக்கிறார்கள். இது ஏன் எனக்கு அப்போது தோன்றவில்லை?

வசந்திக்குச் சொல்லவில்லை. மகனுக்கும் சொல்லவில்லை. இனி மணிக்கு எழுதிக் கேட்கவும் முடியாது.

கடவுளே, அவள் என்மேல் உள்ள கோபத்தில்தான் எழுதாமல் இருக்கவேண்டும்.